வரிசை தவறினால் அவுட் யார்?

கிரிக்கெட்டைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, பேஸ்பால் வகை ஆட்டமான சாஃப்ட்பால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பந்து வருகிறது, மட்டை சுழல்கிறது, ஓடுகிறார்கள், பிடிக்கிறார்கள். பேட்டிங் வரிசை விஷயத்தில்தான் நம் பழக்கம் காலை வாரும். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் கேப்டன் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவர் கிளம்புகிறார். பத்தாவது இடத்தில் ஆடுகிறவரை மாலை வெளிச்சம் மங்கும்போது நான்காவதாக அனுப்பினாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. சாஃப்ட்பாலில் அது நடக்காது. ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் கொடுத்த லைன்அப் கார்டில் என்ன வரிசையோ, ஏழு இன்னிங்ஸும் அதே வரிசைதான். கடைசிப் பெயர் முடிந்ததும் மறுபடி முதல் பெயர். மாற்று ஆட்டக்காரர் வந்தாலும், யாருக்குப் பதில் வந்தாரோ அவருடைய இடத்தில்தான் ஆட வேண்டும்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. என் மகள் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான உள்ளூர் அணியில் ஆடத் தொடங்கியபோது, ஸ்கோர் எழுத யாராவது வருகிறீர்களா என்று கோச் பெற்றோர்களைக் கேட்டார். எல்லோரும் திடீரென்று செல்பேசியில் மும்முரமானார்கள். திருச்சியில் கல்லூரி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்களுக்கு ஸ்கோர் எழுதிய கை சும்மா இருக்குமா? நோட்டை வாங்கிக்கொண்டேன். சொந்த மைதானத்து அணியின் ஸ்கோர் புத்தகம்தான் பெரும்பாலும் அதிகாரபூர்வமானதாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதை எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து, வரிசை தவறும்போதெல்லாம் இரண்டு கோச்களும் நடுவரும் வந்து நிற்பது என் நாற்காலிக்கு முன்னால்தான்.

இந்த விதியைப் பற்றிக் கேட்டால் பத்துக்கு எட்டுப் பெற்றோர் தவறாகத்தான் சொல்வார்கள். “முறை தப்பி வந்து ஆடியவள் அவுட்” என்பார்கள். இல்லை. வந்து ஆடியவளுக்குத் தண்டனையே கிடையாது. ஆட வேண்டிய முறை இருந்தும் வராமல் இருந்தவள்தான் அவுட். தவறாக ஆடியவள் அடித்தது, ஓடியது எல்லாம் அழிக்கப்படும், அவ்வளவுதான். அடுத்து ஆட வேண்டியவள், அவுட் கொடுக்கப்பட்டவளுக்குப் பின்னால் பட்டியலில் இருப்பவள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

அவுட் தானாக வராது என்பது இன்னொரு விஷயம். எதிரணி கேட்க வேண்டும். நடுவருக்குத் தவறு தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கிரிக்கெட்காரர்களுக்கு இது புதிதல்ல. கிரிக்கெட் சட்டங்களில் 31-ஆவது சட்டம் அப்பீலைப் பற்றியதுதான்: பீல்டிங் அணி கேட்காமல் நடுவர் அவுட் கொடுப்பதில்லை, அதையும் அடுத்த பந்துக்காகப் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும். சாஃப்ட்பாலிலும் எல்லைக்கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். தவறாக வந்தவள் ஆடி முடித்த பிறகு, அடுத்த ஆட்டக்காரிக்கு ஒரு பந்து வீசப்பட்டுவிட்டால் கேட்கும் உரிமை போய்விடும். அந்தப் பந்து விதிப்படி வீசப்பட்டதா, விதி மீறி வீசப்பட்டதா என்பதுகூட முக்கியமில்லை. தவறாக ஆடியவளின் ஆட்டம் அந்த நொடியில் சட்டப்படி சரியானதாகிவிடும்; அவளுக்குப் பின்னால் பட்டியலில் யார் இருக்கிறாளோ அவளிலிருந்து வரிசை தொடரும்.

ஒரு வசந்த கால சனிக்கிழமை ஆட்டத்தில் இது எங்கள் கண்முன் நடந்தது. மூன்றாவது இன்னிங்ஸின் முதல் பாதி. எதிரணிக்கு இரண்டு அவுட்; மூன்றாவது விழுந்தால் அவர்கள் பேட்டிங் முடியும். முதல் பேஸில், அதாவது ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய நிலைகளில் முதலாவதில், ஒரு ரன்னர். மட்டையோடு நிற்பது அவர்களுடைய ஐந்தாவது பெண். ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக். (அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே போய், அவள் அடிக்காமல் விட்ட பந்து ‘பால்’, நான்கு சேர்ந்தால் முதல் பேஸ் இலவசம்; அடிக்கத் தவறியதோ விட்டுவிட்ட நல்ல பந்தோ ‘ஸ்ட்ரைக்’, மூன்று சேர்ந்தால் அவுட்.) பந்து வீசும் பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபட்டதும் ரன்னர் இரண்டாவது பேஸைத் திருட ஓடினாள். மட்டைக்காரிக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் எங்கள் கேட்ச்சர் எறிந்த எறியில் அவள் அவுட். இன்னிங்ஸ் முடிந்தது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளும் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். ஐந்தாவது பெண்ணின் பேட்டிங் முடியவில்லை. மூன்றாவது அவுட் ரன்னருடையது. ஆகவே அடுத்த இன்னிங்ஸை அதே ஐந்தாவது பெண்தான் தொடங்க வேண்டும்; பழைய கணக்கு போய், பூஜ்யத்திலிருந்து. ஆனால் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போய்விட்டாள். டக்அவுட்டில், அதாவது அணி உட்காரும் இடத்தில், வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அவள் பெயருக்கு நேரே ‘முடிந்தது’ என்று டிக் போட்டுவிட்டார். நான்காவது இன்னிங்ஸைத் தொடங்க ஆறாவது பெண் வந்து நின்றாள். மூன்றாவது பந்தை இடதுபுறத்துக்கும் நடுவுக்கும் இடையே வெளுத்துவிட்டு இரண்டாவது பேஸில் போய் நின்றாள். அவர்கள் பக்கம் ஒரே ஆரவாரம்.

கவனித்தது எங்கள் கேட்ச்சர். எறிந்து அவுட்டாக்கியவள் அவள்தானே. அப்போது முன்னால் நின்ற பெண்ணின் முகக்கவசம் இளஞ்சிவப்பு என்பது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது அடித்தவளுடையது கறுப்பு. ஆனாலும் பேட்டிங் நடக்கும்போது அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்து பிட்சரிடம் திரும்பி வந்த பிறகு கோச்சைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நேரம் கேட்டு என்னிடம் வந்து, “உன் புத்தகத்தில் இந்த இன்னிங்ஸை யார் தொடங்க வேண்டும்?” என்றார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்த இடத்தில் போட்டிருந்த சாய்வுக் கோட்டைக் காட்டினேன். நடுவர், பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன், சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தான். ஐந்தாவது பெண் அவுட். ஆறாவது பெண் இரண்டாவது பேஸை விட்டு இறங்க வேண்டும். அடுத்து ஆட வேண்டியவள்? ஐந்துக்குப் பின்னால் ஆறு. அதே பெண்!

அந்தக் கடைசித் தீர்ப்புக்குத்தான் இரண்டு பக்கமும் கூச்சல். எதிரணி கோச் அவளை உட்காரவைத்துவிட்டு ஏழாவது பெண்ணை அனுப்பப் பார்த்தார். எங்கள் பக்கத்துப் பெற்றோர், “இப்போதுதானே ஆடினாள், மறுபடியும் எப்படி?” என்றார்கள். இரண்டுமே தவறு. அவள் ஆடியது கணக்கிலேயே இல்லை. அவளுடைய முறை இப்போதுதான் வருகிறது. ஏழாவது பெண் வந்து ஆடி முடித்திருந்தால் எதிரணி இரண்டாவது முறையாக வரிசை தவறியிருக்கும். நடுவன் உறுதியாக நின்றான். வயதுக்கு மீறிய நிதானம் அவனுக்கு. அந்தப் பெண் மட்டையை மறுபடி எடுத்து வந்து, நான்கு பால் வாங்கி முதல் பேஸுக்கு நடந்தாள்.

கேட்ச்சர் பேட்டிங்கின் நடுவில் பேசாமல் இருந்தாள் என்று சொன்னேன் அல்லவா, அது கோச் பழக்கிய பழக்கம். தவறானவள் மட்டையோடு நின்றுகொண்டிருக்கும்போதே நாம் சொல்லிவிட்டால் எதிரணிக்கு எந்த நஷ்டமும் இல்லை. சரியானவள் ஓடிவந்து, இருக்கிற பால், ஸ்ட்ரைக் கணக்கை ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வாள். அவுட் கிடையாது. ஆக, பீல்டிங் அணி பொறுக்க வேண்டும். பேட்டிங் அணி அவசரப்பட வேண்டும். நம் அணியில் தவறானவள் நிற்பது தெரிந்தால் அந்த நொடியே நேரம் கேட்டு மாற்றிவிடுங்கள். எங்கள் அணியில் ஒரு முறை இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக் ஆனபோது கண்டுபிடித்து மாற்றினார்கள். வந்தவள் முதல் பந்தைச் சந்திக்கும்போதே கணக்கு இரண்டு-ஒன்று. வேலிக்கு அப்பால் இருந்து “ஏமாற்று வேலை” என்று குரல் வந்தது. ஏமாற்று ஒன்றும் இல்லை, விதியே அனுமதிக்கிறது. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த நிலையில் வந்து நிற்கும் குழந்தைக்குத்தான் பாவம்.

பொறுத்தால் மட்டும் போதாது. சில நேரம் கடைசிவரை கேட்காமலே இருப்பதுதான் லாபம். மேலே சொன்ன ஆறாவது பெண் அடிக்காமல், மேலே தூக்கிக் கொடுத்து அவுட்டாகியிருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். தவறாக ஆடியவளின் அவுட்டையும் அழிக்கும் விதிப்புத்தகம் என்றால், அப்பீல் செய்தால் ஐந்தாவது பெண் அவுட், ஆறாவது பெண் மறுபடி ஆட வருவாள். பேசாமல் அடுத்த பந்தை வீசினால் ஆறாவது பெண்ணின் அவுட் நிற்கும், ஐந்தாவது பெண் தன் முறையை இழப்பாள், ஏழாவது பெண் ஆட வருவாள். இரண்டிலும் ஓர் அவுட்தான். வித்தியாசம், அடுத்து நாம் யாருக்குப் பந்து வீசப்போகிறோம் என்பதில். ஆறாவது பெண் நல்ல அடிகாரி என்றால் அவளுக்கு எதற்கு இன்னொரு வாய்ப்பு? விதி தெரிந்துவிட்ட உற்சாகத்தில் கண்டதற்கெல்லாம் அப்பீல் செய்யும் கோச்கள் இதை யோசிப்பதில்லை.

ரன்னர்கள் பேஸில் இருக்கும்போது கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தவறானவள் அடித்த பந்தாலோ, அவள் முதல் பேஸை அடைந்ததாலோ முன்னேறியவர்கள் எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வந்த ரன் அழியும். ஆனால் அவள் மட்டையோடு நிற்கையில் ஒருத்தி பேஸ் திருடியிருந்தால், அல்லது கேட்ச்சர் பந்தை விட்டு அதனால் ஓடியிருந்தால், அது அவளால் வந்த முன்னேற்றம் அல்ல. அது நிற்கும். அதே அடியில் வேறு ரன்னர் அவுட்டாகியிருந்தால் அந்த அவுட் நிற்குமா என்பதில் விதிப்புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபாடு உண்டு. உங்கள் லீக் எந்தப் புத்தகப்படி நடக்கிறது என்று பருவம் தொடங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மைதானத்தில் நின்று தேட நேரம் இருக்காது.

மூன்றாவது அவுட்டில் ஒரு பொறி இருக்கிறது. தவறானவள் அடிக்கிறாள், மூன்றாவது பேஸிலிருந்து ஒருத்தி ரன் எடுத்துவிடுகிறாள், அடித்தவள் இரண்டாவது பேஸுக்கு ஆசைப்பட்டு அவுட். மூன்று அவுட் ஆகிவிட்டது என்று நம் பிள்ளைகள் குதித்துக்கொண்டு டக்அவுட்டுக்கு ஓடிவருவார்கள். பிட்சரும் உள்வட்டப் பீல்டர்களும் களத்தை விட்டு வெளியேறிவிட்டால் அப்பீல் உரிமையும் அவர்களோடு வெளியேறிவிடும். அந்த ரன் நிற்கும். இன்னிங்ஸ் முடிவில் சந்தேகம் இருந்தால் முதலில் பிட்சரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் நான் அதிகம் பார்த்த குழப்பம். நான்காவது பெண் ஆட வேண்டிய நேரத்தில் ஐந்தாவது பெண் போய் அடித்து முதல் பேஸில் நிற்கிறாள். அப்போதுதான் கோச்சுக்கு உறைக்கிறது. என்ன செய்வார்? விட்டுப்போன நான்காவது பெண்ணை அனுப்பி “சரிசெய்வார்”. எதிரணி அப்பீல் செய்யாமல் நான்காவது பெண்ணுக்கு ஒரு பந்து வீசியதும், ஐந்தாவது பெண்ணின் ஆட்டம் சட்டப்படியானதாகிவிட்டது. அடுத்து வர வேண்டியவள் ஆறாவது பெண். நிற்பதோ நான்காவது பெண். முதல் தவறு மன்னிக்கப்பட்ட கையோடு இரண்டாவது தவறு தொடங்கிவிட்டது. நான்காவது பெண் ஆடி முடித்ததும் எதிரணி கேட்டால் அவுட் ஆவது, தன் பாட்டுக்கு டக்அவுட்டில் கையுறையை மாட்டிக்கொண்டிருக்கும் ஆறாவது பெண். “நான் என்ன செய்தேன்?” என்று அவள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். விட்டுப்போனவளை விட்டுவிடுங்கள். அவள் முறை அடுத்த சுற்றில் வரும்.

சரி, எதிரணியும் கவனிக்கவில்லை, நான்காவது பெண்ணும் ஆடி முடித்தாள், அடுத்த பந்தும் வீசப்பட்டுவிட்டது. இப்போது நான்குக்குப் பின்னால் ஐந்து. ஐந்தாவது பெண்ணோ பேஸில் நிற்கிறாள். அவளை இறக்கிக்கொண்டுவந்து மட்டையைக் கொடுக்க முடியாது. விதி அவளைத் தாண்டிப் போகச் சொல்கிறது: ஆறாவது பெண் ஆட வேண்டியதுதான், யாருக்கும் தண்டனை இல்லை. இந்த ஓர் இடத்தை ஒரு காகிதத்தில் பெயர் எழுதி நீங்களே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வாயால் விளக்கி யாருக்கும் புரிந்து நான் பார்த்ததில்லை.

வரிசை ஏன் தவறுகிறது? பேஸ் திருட்டில் இன்னிங்ஸ் முடிவது ஒன்று. சிறு வயதினர் லீக்குகளில் வந்திருக்கும் எல்லாக் குழந்தைகளும் ஆடட்டும் என்று பன்னிரண்டு பதின்மூன்று பேரையும் வரிசையில் போடுவார்கள். நீளமான வரிசை, நடுவில் யாராவது கழிப்பறைக்குப் போயிருப்பார்கள். தாமதமாக வருகிறவளை நடுவில் நுழைக்காமல் கடைசியில் சேர்ப்பதுதான் வழக்கம். காயம்பட்டு வெளியேறுகிறவளின் இடத்தை லீக்கைப் பொறுத்துத் தாண்டிப் போவார்கள் அல்லது அவுட்டாகக் கணக்கிடுவார்கள். டக்அவுட் சுவரில் வரிசையைப் பெரிய எழுத்தில் ஒட்டி, ஆடுகிறவள், அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று மூன்று பேரை எப்போதும் ஹெல்மெட்டோடு தயாராக வைத்திருக்கும் அணிகளில் இந்தத் தவறு அபூர்வம். அதற்கென்றே ஒரு பெற்றோரை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைக்கூட.

பெரிய பிள்ளைகள் ஆட்டத்தில் டிபி (டெசிக்னேட்டட் பிளேயர்), ஃப்ளெக்ஸ் என்று ஒரு கூடுதல் சிக்கல். தமிழ்நாட்டில் கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுக்கும் என் நண்பன் தொலைபேசியில் கேட்பதெல்லாம் இதைப் பற்றித்தான். கார்டில் பத்துப் பெயர் இருக்கும், பேட்டிங் ஒன்பது பேருக்குத்தான். பத்தாவது இடத்தில் எழுதப்படும் ஃப்ளெக்ஸ் பீல்டிங் மட்டும் செய்கிறவர். அவருக்குப் பதில் டிபி மட்டையெடுக்கிறார். ஃப்ளெக்ஸ் பேட்டிங் செய்ய வந்தால் டிபியின் இடத்தில் மட்டும்தான் வர முடியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேட்டிங் பக்கம் இருக்க முடியாது. ஒன்பதாவது ஆள் முடித்ததும் பத்தாவது பெயரைப் பார்த்து ஃப்ளெக்ஸைக் கூப்பிட்டுவிடும் அணிகள் உண்டு. கார்டில் பத்தாவது பெயருக்கு மேலே ஒரு தடித்த கோடு போடச் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது என்றான்.

வரிசை தவறியதையும் அறிவிக்காத மாற்று ஆட்டக்காரரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பேட்டிங் பட்டியலிலேயே இப்போது இல்லாத ஒருத்தி வந்து மட்டையைப் பிடித்தால் அது மாற்று ஆட்டக்காரர் பற்றிய விதி, தண்டனையும் வேறு. சட்டை எண் தவறாக எழுதப்பட்டிருந்தால் அது ஒரு குற்றமே இல்லை, திருத்திக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். அப்பீல் செய்யும் கோச் நடுவரிடம் “ஏதோ தப்பு நடந்திருக்கிறது” என்று மொட்டையாகச் சொல்லாமல், “வரிசை தவறி ஆடினார்கள், ஆட வேண்டியவள் இன்னாள்” என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஸ்கோர் எழுதுகிறவர் இதில் எந்தப் பக்கம்? அணிக்கென்று தனியாக எழுதுகிறவர் தன் கோச்சிடம் தாராளமாகச் சொல்லலாம். அதிகாரபூர்வப் புத்தகம் எழுதுகிறவர் நடுவரைப் போலத்தான். தானாக முந்திக்கொண்டு யாரிடமும் சொல்லக் கூடாது. நான் எங்கள் கோச்சிடம் பருவத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்: கேட்டால் புத்தகத்தைக் காட்டுவேன், எதிரணி கோச் கேட்டாலும் காட்டுவேன், கேட்காமல் வாய் திறக்க மாட்டேன். முதலில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எதிரணிப் பெண்கள் வரிசை மாறி வரும்போது, தெரிந்தும் தெரியாததுபோல் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பது எளிதான காரியம் இல்லை. என் மகளோ என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறாள் என்பதால், அந்த நேரங்களில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்கிறேன்.

ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நடுவர் கையிலுள்ள கார்டும் நம் புத்தகமும் டக்அவுட் சுவரில் ஒட்டியதும் ஒன்றுதானா என்று பெயர் பெயராகப் படித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் வேறுபட்டால் நடுவர் கார்டுதான் செல்லும். இது குழந்தைகள் ஆட்டத்துக்கு மட்டும் நேரும் கோளாறு என்று நினைக்க வேண்டாம். இதே விதி இருக்கும் பேஸ்பாலில், 2018 மே 9 அன்று சின்சினாட்டியில் நியூயார்க் மெட்ஸ் அணி, நடுவரிடம் கொடுத்த கார்டு ஒரு வரிசை, ஆடியது வேறு வரிசை என்று மாட்டிக்கொண்டது. முதல் இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்குப் பிறகு ஜே புரூஸ் அடித்த இரண்டு பேஸ் அடி அப்படியே காணாமல் போனது. எதிரணி மேலாளர் அப்பீல் செய்ய, இன்னிங்ஸ் அங்கேயே முடிந்தது. அந்த ஆட்டத்தை மெட்ஸ் பத்து இன்னிங்ஸில் 2-1 என்று தோற்றது. சம்பளத்துக்கு ஆள் வைத்து கார்டு எழுதுகிறவர்களுக்கே இந்த கதி.

புத்தகத்தில் எழுதுவது எப்படி என்று புதிதாக ஸ்கோர் எழுத வருகிறவர்கள் கேட்கிறார்கள். தவறாக வந்தவள் பேஸை அடைந்த பிறகு அப்பீல் வென்றால், அவள் கட்டத்தில் இருப்பதை முழுவதும் அழித்துவிட வேண்டும். அவுட்டான சரியான பெண்ணின் கட்டத்தில் ஒரு பேட்டிங் வாய்ப்பும் ஓர் அவுட்டும் எழுத வேண்டும். அந்த அவுட்டை எடுத்தவராகக் கேட்ச்சர் பெயரில் குறிக்க வேண்டும். பிட்சர் எத்தனை பந்து வீசினார் என்று நான் ஓரத்தில் தனியாக எழுதும் எண்ணிக்கையிலிருந்து மட்டும் எதையும் குறைப்பதில்லை, ஏனென்றால் கை வலித்தது வலித்ததுதான். செயலியில் எழுதுகிறவர்களுக்கு பின்னோக்கிப் போய்த் திருத்துவது பெரிய ரோதனை. அதற்குள் மூன்று பந்து போய்விடும். நான் இன்னும் காகிதமும் பென்சிலும்தான். நுனியில் நல்ல ரப்பர் உள்ள பென்சிலாக இரண்டு எடுத்துப் போங்கள்.